அறுபத்தஞ்சு வாட்ல ஒரு முகூர்த்தம்

அருப்புக்கோட்டையில ஒரு கல்யாண மண்டபம். கடைசிப் பந்தி. தவில்காரர், ஜெனரேட்டர்காரர், வீடியோக்காரன் மூணு பேருக்கும் எந்த ஊர் கல்யாணத்துலயும் அந்தப் பந்திதான். வரிசையா உக்காந்தோம். தவில் பிச்சையா அண்ணனுக்கு இலை வந்துச்சு. ஜெனரேட்டர் சவரிமுத்துவுக்கு இலை வந்துச்சு. எனக்கு வரல. என் முன்னாடி இலை இருக்க வேண்டிய இடத்துல என் லேப்டாப் இருந்துச்சு.

காரணம் கனகசபாபதி அண்ணாச்சி. பொண்ணுக்குத் தாய்மாமன். காலையில தாலி கட்டி முடிஞ்ச சந்தோஷத்துல நான் வாய் சும்மா இருக்காம, "அண்ணாச்சி, இந்த முகூர்த்தத்தை இன்னைக்கே பாட்டெல்லாம் போட்டு, சாயங்காலம் ரிசப்ஷன்ல பெரிய ஸ்கிரீன்ல ஓட விட்டுரலாம்"னு சொல்லித் தொலைச்சேன். மனுஷன் அடுத்த நிமிஷமே மைக்கைப் பிடிச்சு மண்டபத்துக்கே சொல்லிட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கை தட்டினாங்க. இனி படம் ஓடலேன்னா அவர் சம்பந்தி மூஞ்சியில முழிக்க முடியாது.

"படம் முடிஞ்சாத்தான் உனக்கு இலை"ன்னு சொல்லிட்டு, சாம்பார் வாளியோட அவரே பரிமாற வந்து நின்னுட்டாரு.

படம் நாலு சதவீதத்துல நின்னுச்சு. வெட்டி ஒட்டுற வேலையெல்லாம் நான் முடிச்சாச்சு. இனி லேப்டாப்தான் எல்லாத்தையும் சேர்த்து ஒரே படமா அரைச்சுக் குடுக்கணும். அந்த மாவாட்டுற வேலைக்குக் கரண்டு நிறைய வேணும். அதுக்குன்னு ஒரு பெரிய அடாப்டர் இருக்கு. அதைப் பையில தேடுறேன், காணோம். சரி, கோவில்பட்டியில வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்னு முடிவு பண்ணி, மண்டப மேனேஜர்கிட்ட ஒரு சின்ன அடாப்டரைக் கெஞ்சி வாங்கிச் செருகியிருந்தேன். முனை பொருந்துச்சு, பலம் பொருந்தல. லேப்டாப் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஓடுச்சுன்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான்.

"ஏன்யா வெயிலுமுத்து, நான் ரசத்துக்கு வந்துட்டேன். உன் மிஷினு இன்னும் நாலுலயே நிக்குதே"ன்னாரு பிச்சையா அண்ணன்.

பசியில இருக்கறவனை அப்படிக் கேக்கக் கூடாது.

"இதைப் போயி மெதுவுன்னு சொல்றீங்களே! நீங்க மெதுவைப் பாத்ததே இல்லண்ணே. போன ஆவணியில சாத்தூர்ல ஒரு கல்யாணம். அங்கயும் இதே லேப்டாப்புதான். அங்கயும் பெரிய அடாப்டரைக் காணோம்."

"ஊருக்கு ஒண்ணு தொலைப்பீங்களோ?"ன்னான் சவரிமுத்து.

"கேளுய்யா. என் அடாப்டர் இருநூத்தி முப்பது வாட். அதைத் தூக்கிட்டு பஸ்ல ஏறினா கண்டக்டர் அதுக்குத் தனியா டிக்கெட் கிழிப்பாரு. கடைக்காரன் எனக்கு வித்ததே அடாப்டரைத்தான். லேப்டாப் அதோட வந்த இனாம். வீட்டுல அதைச் செருகினேன்னு வை, தெருவுல வரிசையா எல்லா வீட்டு மோட்டாரும் தண்ணி ஏத்துறதை நிறுத்திரும். எதிர்வீட்டு சார் உடம்பெல்லாம் சோப்போட வந்து வாசல்ல நிப்பாரு. 'வெயிலு, கொஞ்சம் பிடுங்குப்பா, நுரையைக் கழுவிட்டுச் சொல்றேன், அப்புறம் செருகிக்கோ'ம்பாரு."

"துண்டு கட்டியிருந்தாரா?"ன்னு கேட்டாரு பிச்சையா.

"ஒரு நாள் இல்லாமயும் வந்தாரு. அந்தப் பழக்கத்துல வளர்ந்த லேப்டாப்புக்கு, சாத்தூர்ல அறுபத்தஞ்சு வாட் அடாப்டரைச் செருகினா எப்படி இருக்கும்? யானைக்கு ஒத்தை இட்லி வச்ச மாதிரி. யானை செத்துப் போகாது. மரமும் தூக்காது. காதை ஆட்டிக்கிட்டு நம்மளையே பாக்கும். உள்ள ஒரு சங்கதி இருக்குண்ணே. எவ்வளவு கரண்டு வருதுன்னு அது அளந்து பாக்கும். 'ஓ, இவ்வளவுதானா? அப்ப நம்மளும் இவ்வளவுதான்'னு வேகத்தை இறக்கிரும். லேசான வேலையின்னா தெரியாது. பாரமான வேலை குடுத்தோம்னா படுத்துரும்."

"இது நம்ம ஊரு ஆளுங்க எல்லாருக்கும் உள்ளதுதானே"ன்னாரு அண்ணாச்சி. சாம்பாரு ஒரு கரண்டி சவரிமுத்து இலைக்குப் போச்சு. வாசனை மட்டும் எனக்கு.

"ஸ்கிரீன்ல மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கையை நீட்டுறாரு. நான் போய் முகம் கழுவி, காபி குடிச்சு, வாசல்ல நின்னு வம்பளந்துட்டு வந்து பாக்கேன். கை இன்னும் போய்க்கிட்டே இருக்கு. அதுக்குள்ள பொண்ணு முகத்துல ஒரு சந்தேகம் வந்துருச்சு, 'இவரு கட்டுவாரா மாட்டாரா'ன்னு. காலையில நிஜத்துல வராத சந்தேகம்! பொண்ணோட அம்மா வந்து எட்டிப் பாத்துட்டு நேரா மாப்பிள்ளைகிட்டப் போயிட்டாங்க. 'கட்டுறதுன்னா சட்டுனு கட்டுங்க தம்பி, என்ன யோசனை?'ன்னு. அவரு பாவம், தாலி கட்டி, சாப்பிட்டு, வேட்டியை மாத்திட்டுத் தூங்கிட்டு இருந்தாரு."

சவரிமுத்துவுக்குப் புரையேறுச்சு. அண்ணாச்சி அவன் தலையில தட்டினாரு.

"கெட்டிமேளம் கேட்டீங்கன்னா, முதல் அடிக்கும் ரெண்டாவது அடிக்கும் நடுவுல ஒரு கைக்குழந்தை தூங்கி எந்திரிச்சுருச்சு."

"எந்த செட்டுய்யா வாசிச்சது?"ன்னு கேட்டாரு பிச்சையா.

"சங்கரன்கோவில் செட்டு."

"அப்ப உன் லேப்டாப்பைக் குத்தம் சொல்லாத. அவன் நிஜத்துலயே அப்படித்தான் வாசிப்பான்."

"அட்சதையைக் கேளுங்க. தூவினது கீழ விழவே இல்ல. அந்தரத்துல நிக்குது. ஜன்னல் வழியா ஒரு சிட்டுக்குருவி வந்துச்சு. லேப்டாப் மேல உக்காந்துச்சு. அவசரமே படாம ஒவ்வொரு அரிசியாக் கொத்தித் தின்னுட்டுப் பறந்துருச்சு. இன்னைக்கும் அந்தப் படத்துல எல்லாரும் வெறுங்கையைத்தான் வீசுவாங்க. வேணும்னா போட்டுக் காட்டறேன்."

"இப்ப இருக்கிற வேகத்துக்கா? வேண்டாம்பா. நான் பிள்ளை குட்டிக்காரன்"ன்னாரு பிச்சையா.

"சூடு இருக்கே, அது வேற கதை. சமையக்காரரு என்னைக் கேக்காமலே மூணு அப்பளத்தை எடுத்துட்டு வந்து கீபோர்டு மேல பரத்திட்டாரு. எண்ணெய் கிடையாது, ஒண்ணும் கிடையாது, புஸ்ஸுனு பொரிஞ்சு வருது. நடுவுல வச்சா கருகும், ஓரத்துல வச்சா பதம். உள்ள இருக்கிற ஃபேன் சுத்தின சுத்துல மேடையில கட்டியிருந்த பலூன் எல்லாம்..."

"நில்லுங்க நில்லுங்க"ன்னு எச்சில் கையைத் தூக்கினான் சவரிமுத்து. ஜெனரேட்டர்காரன். கரண்டைப் பத்தி அவன்கிட்ட மட்டும் புளுகக் கூடாது. பசியில மறந்துட்டேன். "போறதே கொஞ்சூண்டு கரண்டு. செய்யிறதே கொஞ்சூண்டு வேலை. அப்புறம் சூடு எங்க இருந்து வரும்? கரண்டு நிறையப் போனாத்தானே சூடாகும்?"

கேள்வி சரியான கேள்வி. நானும் நைட் ஸ்கூல்ல அந்தப் பாடம் படிச்சவன்தான். அன்னைக்கு வாத்தியாருக்கு முன்னாடி நான் தூங்கினேனா, எனக்கு முன்னாடி வாத்தியார் தூங்கினாரான்னு ஞாபகம் இல்ல.

"அது கரண்டுனால வந்த சூடு இல்ல சவரி"ன்னேன். "அவமானத்துல வந்த சூடு. இருநூத்தி முப்பது குடிச்சு வளர்ந்த உடம்பு, அறுபத்தஞ்சைக் கொண்டாந்து நீட்டினா கொதிக்காதா?"

பிச்சையா அண்ணன் இலையைப் பாத்துக்கிட்டே, "அப்ப இந்த லேப்டாப்புக்கு இருக்கிற ரோஷம் கூட உனக்கு இல்ல"ன்னாரு.

"எனக்கு இருந்தா நான் ஏன்ணே இலையில்லாத பந்தியில உக்காந்திருக்கேன்?"

"என்னை மாதிரி ஒரு ஆளைக் கூப்பிட்டு ஜெனரேட்டர் போட்டிருக்கலாம்ல?"ன்னு விடாம கேட்டான் சவரிமுத்து.

"கூப்பிட்டோம்யா. சாத்தூர்ல இருந்த ஜெனரேட்டர் அத்தனையும் வந்துச்சு. பத்தல. மேட்டூர் அணையில இருந்து தனியா ஒரு லைன் இழுத்துட்டு வந்தோம். வர்ற வழியெல்லாம் தெருவிளக்கு தானா எரியுது, ஆடு மாடெல்லாம் விடிஞ்சுருச்சுன்னு எந்திரிச்சு நடக்குது. அவ்வளவு கரண்டும் வந்து அந்தச் சின்ன அடாப்டர் முன்னாடி வரிசையில நிக்குது. அது ரேஷன் கடை ஆளு மாதிரி அறுபத்தஞ்சை மட்டும் எடுத்துக்கிட்டு, 'இன்னைக்கு இவ்வளவுதான், மத்தவங்க நாளைக்கு வாங்க'ன்னு ஷட்டரை இறக்கிருச்சு. மேட்டூர் கரண்டு வந்த வழியே திரும்பிப் போச்சு. போகும்போது என்னைத் திட்டிட்டே போச்சு."

"இதுல பாதி நெசம்"ன்னான் சவரிமுத்து வருத்தமா. "பின்னாடி எவ்வளவு இருந்தாலும் முன்னாடி விடுறவன் விட்டாத்தான்."

அண்ணாச்சி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "சரிப்பா, அந்தப் பெரிய அடாப்டர்தான் எங்க போச்சு?"ன்னு கேட்டாரு.

அவர் சிரிச்சதுல எனக்கு ஒரு நப்பாசை. இன்னும் கொஞ்சம் சிரிக்க வச்சா இலை வந்துரும். வாயில வந்ததைச் சொன்னேன்.

"சீர்த்தட்டுல போயிருச்சு அண்ணாச்சி."

"என்னது?"

"பொண்ணு வீட்டு சீர்த்தட்டு ஒத்தைப்படையிலதானே போகணும்? கிளம்புற நேரத்துல எண்ணிப் பாத்தா ரெட்டைப்படையில நிக்குது. யாரோ ஒரு புண்ணியவான் என் அடாப்டரை எடுத்துத் தட்டுல வச்சு, பொட்டு வச்சு, வெத்தலை பாக்கோட மாப்பிள்ளை வீட்டுல ஒப்படைச்சுட்டாரு."

பிச்சையாவும் சவரிமுத்துவும் சிரிச்சாங்க. அண்ணாச்சி சிரிக்கல. வாளியில கரண்டி சாஞ்சது கூட அவருக்குத் தெரியல.

"அது கறுப்பாவா இருக்கும்?"ன்னாரு.

"நல்ல கறுப்பு. செங்கல் சைஸு. வயரைச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டிருப்பேன்."

"ரப்பர் பேண்டு வேறயா"ன்னு முணுமுணுத்தாரு. அப்பவே நான் நிறுத்தியிருக்கணும்.

"குடுத்த சீரைத் திருப்பிக் கேக்க முடியுமா? சம்பந்தமே அறுந்துரும். அந்த ஊரு தாய்மாமன் ஒரு வழி சொன்னாரு. 'அடாப்டர் இங்க வரக் கூடாது, லேப்டாப் அங்க போகலாம்ல? அதையும் சீராவே அனுப்பு'ன்னாரு. எடுத்துத் தட்டுல வச்சோம். வச்சதும் எண்ணிக்கை மறுபடி ரெட்டைப்படையாயிருச்சு! இன்னும் ஒரு தட்டு வேணும். மண்டபத்துல ஒரு சாமான் மிச்சமில்ல. மாமன் சுத்திமுத்திப் பாத்தாரு. நான்தான் மிச்சமிருந்தேன்."

"அடப்பாவி!"ன்னாரு பிச்சையா.

"பெரிய தாம்பாளத்துல சம்மணம் போட்டு உக்கார வச்சு, நெத்தியில குங்குமம், மடியில தேங்காய். ஆறு பேரு தூக்கினாங்க. மேளதாளத்தோட போறேன். மாப்பிள்ளையோட அத்தை என்னைச் சுண்டிப் பாத்துட்டு, 'இது எதுக்கு உதவும்?'னு கேட்டாங்க. கூட்டத்துல ஒருத்தருக்கும் பதில் தெரியல. எனக்கும் தெரியல."

"சரி, படம்?"ன்னான் சவரிமுத்து. நம்பல, ஆனா விடவும் மனசில்ல.

"பெரிய அடாப்டரைச் செருகினேன். சொடக்குப் போடுறதுக்குள்ள முடிஞ்சுருச்சு. முடிஞ்சும் நிக்கல! தாலி கட்டினதைத் தாண்டி ஓடுது. சாயங்காலம் நடக்கப் போற ரிசப்ஷன் ஓடுது. மறுவீடு, வளைகாப்பு, பிள்ளை பொறந்து காதுகுத்து வரைக்கும் போயிருச்சு. காதுகுத்துல பந்தி சரியில்லைன்னு ரெண்டு வீட்டுக்கும் சண்டை. அதைப் பாத்துட்டு, நடக்காத சண்டைக்கு இங்க ரெண்டு பேரு சட்டையைப் பிடிச்சுட்டாங்க. மாப்பிள்ளை ஓடி வந்து வயரைப் பிடுங்கி, 'போதும்ணே, மிச்சத்தை நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிறோம்'னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

நான் நிமிர்ந்து பாத்தேன். இப்பவாவது இலை வரணும். அண்ணாச்சி வாளியைக் கீழ வச்சுட்டு என் எதிர்ல குத்துக்காலிட்டு உக்காந்தாரு.

"தம்பி, யாருகிட்டயும் சொல்லாத. காலையில சீர்த்தட்டை எண்ணினோம். இருபதுல நின்னுச்சு. நல்ல நேரம் முடியப் போகுது. மணமேடைக்குப் பக்கத்து ஜன்னல்ல கறுப்பா ஒண்ணு கெடந்துச்சு, ரப்பர் பேண்டு போட்டு. மிக்சியோட வந்த சாமான்னு நெனச்சு நான்தான் எடுத்து, சந்தனம் குங்குமம் வச்சு, கடைசித் தட்டுல வச்சேன்."

விடியக் காலையில பையில இருந்து கேமராவை எடுக்கறதுக்காக அதை ஜன்னல்ல எடுத்து வச்சது என் கைதான். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எத்தனையோ கல்யாணத்துல எத்தனையோ சொல்லியிருக்கேன். நான் சொன்னது ஒண்ணு நெசமாப் போனது அதுதான் முதல் தடவை. அந்த மாதிரி நேரத்துல மூஞ்சியை எப்படி வச்சுக்கணும்னே தெரியல.

"மாடியில மாப்பிள்ளை ரூமுலதானே இருக்கு? கேட்டு வாங்கிட்டு வந்துருங்க அண்ணாச்சி."

"குடுத்த சீரையா?"

"அப்ப நான் லேப்டாப்பை எடுத்துட்டு மேல போயிறேன்."

"அடாப்டர் எங்களுதுன்னு நாலு பேருக்கு முன்னாடி சொல்லிட்டுச் செருகப் போறியா? நீ சொன்ன அந்த மாமன் விவரமான ஆளுய்யா. விட்டுப்போன சீருன்னு சொல்லி லேப்டாப்பும் தட்டுலயே போகட்டும். வேலை முடிஞ்சதும் 'விளையாட்டுக்குக் கொண்டாந்தோம்'னு சிரிச்சுட்டு எடுத்துட்டு வந்துருவோம்." விரலை மடக்கி எண்ணினாரு. "இருபத்தொண்ணு குடுத்தாச்சு. இதோட இருபத்திரண்டு."

அவரு பந்தி மண்டபத்தைச் சுத்திமுத்திப் பாத்தாரு. பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்திருந்துச்சு. வாழைத்தார் காலி. பூசணிக்காய் காலையிலயே சாம்பாராயிருச்சு. கடைசியா என்னைப் பாத்தாரு.

"அண்ணாச்சி, அது கதை"ன்னேன்.

"ஏப்பா, சோறு கொட்டுற பெரிய தாம்பாளம் காலியா?"ன்னு உள்ள பாத்து குரல் குடுத்தாரு. பிச்சையா அண்ணன் பாயசத்தை அப்படியே விட்டுட்டுக் கை கழுவி, தவிலை எடுத்து மாட்டினாரு. சவரிமுத்து என்னை மேலயும் கீழயும் பாத்து, "ஆறு பேரு பத்தாதுண்ணாச்சி, எட்டாச் சொல்லுங்க"ன்னான்.

தாம்பாளம் வந்துச்சு. ஏறி உக்காந்தேன். வேற என்ன செய்ய? குங்குமம் வைக்க வந்த கையைப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணாச்சி, இலை?"ன்னு கேட்டேன்.

அவரு கையை விடுவிச்சுக்கிட்டு, நெத்தி நடுவுல பொட்டை அழுத்தி வச்சாரு.

"சீர்த்தட்டுல வச்ச சாமான் எங்கயாவது சாப்பாடு கேக்குமா தம்பி?"