சொல்லக் கூடாத சொல்லுக்கு அர்த்தம்

முன்னொரு காலத்தில், வெள்ளைக்காரர்கள் மிளகு கேட்டுக் கப்பலில் வரத் தொடங்கியிருந்த சமயம், கடலோர நாடொன்றின் மன்னருடைய தாய் இறந்துபோனாள். துக்கம் தாங்காமல் அவர் ஓர் ஆணை போட்டார். அம்மா, தாய், அன்னை என்று யாரும் உச்சரிக்கக் கூடாது; உச்சரித்தால் நாக்கு போய்விடும். கல் தடுக்கி விழுந்தவர்கள்கூட 'ஐயோ அப்பா' என்று அலறப் பழகினார்கள். கன்றுக்குட்டிகளுக்கு ஆணை புரியாததால் அவற்றை ஊருக்கு வெளியே ஓட்டிவிட்டார்கள்.

அரசவை விகடகவி பேச்சிமுத்துவின் தாயும் கொஞ்ச நாளில் கண்ணை மூடினாள். ஊரையே சிரிக்கவைத்தவன், பாவம், பெற்றவளை வாய்விட்டுக் கூப்பிட்டு அழ முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கொள்ளி வைத்தான். அந்த அழுகை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பிரதானி வேங்கடநாதருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. துறைமுகத்தில் வளர்ந்த பேச்சிமுத்துவுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால், வெள்ளைக்காரத் தூதன் பேசுவதை அவன்தான் மன்னருக்கு விளக்குவான். ஒருநாள் பிரதானி சபையில் பவ்வியமாக எழுந்து, தூதன் வாயில் அடிக்கடி வரும் 'மதர் டங்', 'மதர் லேண்ட்', 'மதர் ஆஃப் பேர்ல்' இவற்றுக்கு விகடகவி பொருள் சொல்லட்டும் என்றார். மன்னரும் தலையசைத்தார். சொன்னால் நாக்கு போகும், சொல்லாவிட்டால் பிழைப்பு போகும்.

பேச்சிமுத்து கைகட்டி நின்றான்.

"ஒருவன் பிறந்து அழுதபோது ஒருத்தி எந்த மொழியில் அவனைச் சமாதானப்படுத்தினாளோ, அதுவே முதலாவது, மன்னா. அவன் வரத் தாமதமானால் அவள் எந்த மண்ணில் சாப்பிடாமல் காத்திருப்பாளோ, அது இரண்டாவது. மூன்றாவது, முத்தை எடுத்துக்கொண்டு நாம் வீசியெறியும் சிப்பியின் உட்புறம். முத்து போன பிறகும் அதில் பளபளப்பு போவதில்லை."

மன்னரின் கை கழுத்து முத்துமாலைக்குப் போனது. கண் கலங்கிவிட்டது.

"யார் அந்த ஒருத்தி?"

"என் நாக்கு அதைச் சொல்லாது, மன்னா. தங்கள் ஆணை."

"அம்மா," என்றார் மன்னர், தன்னை அறியாமல்.

பேச்சிமுத்து திரும்பி, "பிரதானியாரே, ஆணைப்படி ஆகவேண்டியதைத் தாங்களே செய்துவிடுங்கள்," என்றான்.

பிரதானிக்கு வேர்த்து ஊற்றியது. அதைப் பார்த்து மன்னர் அழுதுகொண்டே சிரித்தார். தாய் போனபிறகு அவர் சிரித்தது அன்றுதான். ஆணையை அந்த இடத்திலேயே ரத்து செய்துவிட்டு, முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"இது வேண்டாம், மன்னா. சுடுகாடு வரை போய்வர உத்தரவு கொடுங்கள். என் தாயைக் கூப்பிடாமலே எரித்துவிட்டேன்."

மன்னரின் சிரிப்பு நின்றது. சிம்மாசனத்தை விட்டு இறங்கி அவரும் கூடவே நடந்தார். அன்று பொழுது சாயும்வரை இருவரும் சாம்பல் மேட்டில் உட்கார்ந்து, மாறி மாறி அந்த ஒரு சொல்லையே சொல்லி அழுதார்கள்.