கடைசிப் பந்தி

என் பெயர் ஆவுடையப்பன். குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரமத்தில் சமையல் என் பொறுப்பு. ஆசிரமத்தை நடத்தும் அம்மாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனால் அவர்தான் என் குரு. எனக்குச் சட்டென்று கோபம் வரும். அது ஊருக்கே தெரியும்.

தினம் மத்தியானம் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுகிறோம். பரிமாறுகிறவர்கள், அம்மாவானாலும், கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். அம்மாவின் குரு போட்ட விதி அது.

குழல்வாய்மொழி என்று ஒரு பெண். இருபத்திரண்டு வயது. இரண்டு வருஷமாகப் பரிமாறுகிறாள். "இன்னும் ஒரு கரண்டி வச்சுக்கோங்க" என்று எல்லோரையும் கெஞ்சுவாள். கடைசிப் பந்தியில் மட்டும் அவளைக் காணோம். பாத்திரம் ஒதுக்குகிறேன் என்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்பாள். அவள் இலை அப்படியே மாட்டுக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. சமைக்கிறவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பந்தி நடக்கும்போதே ரச வாளியோடு மயங்கி விழுந்தாள். நல்ல வேளை, ரசம் ஆறியிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போனேன்.

"அம்மா, இந்தப் பிள்ள என் உயிர வாங்குதா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொன்னா?"

"சாப்பிடுவா."

"நீங்க சொல்லிப் பாத்தீங்களா, அண்ணாச்சி?"

"வாய் வலிக்கச் சொல்லியாச்சு. கெஞ்சினேன், ஏசினேன், பால் பாயசம் வச்சுக் குடுத்தேன். ஒரு வாய் வைக்க மாட்டேங்கா."

அம்மா அவளைக் கூப்பிட்டார். "குழலி, சாப்பிடும்மா" என்றார். அவ்வளவுதான்.

மறு பேச்சில்லை. என் கண் முன்னால் மூன்று இட்லி சாப்பிட்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கால் மணி நேரம் கழித்துத் துவைகல்லுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், தின்றதையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். தானாக வந்த வாந்தி இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மா பக்கத்தில் நிற்கிறார் என்பதைக்கூட மறந்துவிட்டேன்.

"சோறு கிடைக்காம எத்தன பேரு நம்ம வாசல்ல வந்து நிக்கான். ஒனக்கு என்னட்டி திமிரு? வாயில வச்சு முழுங்குறது அவ்வளவு கஷ்டமா?"

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். அம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். சுவரில் ஒரு பல்லி இருந்தது.

"அண்ணாச்சி, அதப் பிடிச்சு வெளிய விடுங்க."

நான் இரண்டடி பின்னால் போனேன். பல்லி என்றால் எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது. நினைத்தாலே உடம்பு கூசும்.

"அது கடிக்குமா?" என்று கேட்டார் அம்மா.

"கடிக்காது."

"தெரியும்லா?"

"தெரியும்மா."

"பிறகு பிடிங்க. கைய நீட்டிப் பிடிக்கிறது அவ்வளவு கஷ்டமா?"

கையை நீட்டினேன். பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பல்லி ஓட்டுக்குள் போய்விட்டது.

"ஐம்பத்தெட்டு வயசு" என்றார் அம்மா. "திமிரா அண்ணாச்சி?"

"என்னம்மா கிண்டல் பண்ணுதீங்க? தெரிஞ்சா மட்டும் போதுமா? கை வரமாட்டேங்கே."

"கார் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் அம்மா.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாடி பார்த்தார், ரத்தம் எடுத்தார். நெஞ்சுத் துடிப்பு ரொம்பக் குறைந்திருக்கிறது, உடம்பில் உப்புச் சத்து இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை கோபம் மட்டும்தான் இருந்தது.

"இது எதனால டாக்டர் வருது?" என்று கேட்டேன்.

"ஒண்ணால மட்டும் வராது. பிறவியிலேயே கொஞ்சம் இருக்கும், மனசுல கொஞ்சம் இருக்கும், சுத்தி இருக்கவங்க பேச்சும் சேரும். பட்டினி கிடக்கக் கிடக்க மூளையும் ஒழுங்கா யோசிக்காது. வீம்புன்னு மட்டும் நினைக்காதீங்க."

குழலி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். காலேஜ் விடுதியில் தன்னைப் பூசணிக்கா என்று கூப்பிடுவார்கள் என்று சொன்னாள். இரண்டு வருஷத்தில் அவள் தன்னைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அனுப்பும்போது டாக்டரம்மா எங்களுக்குத்தான் நிறையச் சொன்னார். ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தனியாகச் சாப்பிட விடக்கூடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் யாராவது கூடவே இருக்க வேண்டும். திட்டக் கூடாது, புகழவும் கூடாது, உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது. வாரா வாரம் மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். மாதக் கணக்கில் ஆகும், வருஷமும் ஆகலாம்.

மறுநாள் மத்தியானம் முதல் பந்திக்கு இலை போட்டேன். வந்தவர்கள் உட்காருவதற்கு முன்னால் அம்மா வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் குழலியை உட்கார வைத்தார்.

ஒரு பிடி சோற்றுக்கு அரை மணி நேரம். பருக்கை பருக்கையாகப் பிரிக்கிறாள், அழுகிறாள், கையை எடுக்கிறாள், மறுபடி வைக்கிறாள். அம்மா தன் சோற்றை மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டு மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். வெளியே ஜனம் வெயிலில் நிற்கிறது. எனக்குக் கை பரபரத்தது.

பத்து நாள் இப்படியே போயிற்று. பதினோராவது நாள், அரிசி மூட்டை அனுப்புகிற மில்காரர், "பசிச்சவன் வெளிய நிக்கான், சாமியாரம்மா முதல்ல சாப்பிடுதாங்க. நல்ல ஆசிரமம்தான்" என்று சொல்லிவிட்டு சாப்பிடாமலே திரும்பிப் போனார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. குழலியைப் பரிமாறுகிற பெண் ஒருத்தி முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன்.

"அம்மா, ஒங்க குரு போட்ட விதி. முப்பது வருஷம் ஒருத்தன் மீறல. இவ ஒருத்திக்காக நீங்களே மீறுதீங்க."

"ஆமா. கடைசிப் பந்திய யாரும் பாக்க மாட்டாங்க, அண்ணாச்சி. அவளுக்கு அது வசதியாப் போச்சு."

"சரி, ஆஸ்பத்திரி பாத்தாச்சு. மாத்திரை, டாக்டரு, ஆறு வேள சோறு, எல்லாம் நடக்கு. ஆனா இன்னிக்கும் நாலு வாய்தான். ஒங்க வாக்குக்கு ஒரு பலம் உண்டுன்னுதான எல்லாரும் வாரான். நீ குணமாயிட்டன்னு அவகிட்ட ஒரு வாக்கு சொல்லக் கூடாதா? இத்தன பாடு எதுக்கு?"

அம்மா இலையை மடித்தார்.

"போன வருஷம் குருபூஜை அன்னிக்கு அவள சபையில எழுப்பி நிக்க வச்சேன். தன் பசியப் பாக்காம பரிமாறுதா, பசிய ஜெயிச்ச பிள்ள இவதான்னு சொன்னேன். முந்நூறு பேரு கை தட்டுனாங்க. அன்னையிலேருந்துதான் காலைக் கஞ்சியும் நிறுத்திருக்கா. டாக்டரம்மாகிட்ட சொன்னாளாம்."

அம்மா மடித்த இலையை நான் எடுத்தேன்.

"என் வாக்குக்குப் பலம் இருக்கு, அண்ணாச்சி. நீங்களும்தான் கை தட்டுனீங்க. நாளைக்கு உங்களுக்கும் சேத்து மூணு இலையாப் போடுங்க."