உழவாரக் குருவியின் கால்

குருவியும் மனுஷியும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பாதிரி துரை ஒருவர் செங்கல் கோயில் கட்டினார். கோயில் என்றால் சும்மாவா! வளைவு வளைவாய் ஜன்னல்கள், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் கோபுரம். அத்தனை செங்கலும் தலைச்சுமையாகத்தான் ஏறியது. அதில் பாதி சித்தாள் மதலம்மாள் தலையில். புருஷன் இல்லாதவள். இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் கூலிதான் கஞ்சி.

கோபுரம் முடிகிற சமயத்தில் அவள் முழங்கால் வீங்கிப்போனது. மேஸ்திரி சவரியப்பன் கீழே நின்றபடி சொன்னார்: "மதலம்மா, நாளைக்கு ஏற முடியலேன்னா இப்பவே சொல்லிடு. வேற ஆளு பாக்கணும்." கெட்ட மனுஷன் இல்லை, பாவம். மேலே ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் எல்லா அதட்டலும் கீழிருந்துதான்.

சாரத்தின் உச்சியில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, உழவாரக் குருவி ஒன்று தத்தித் தத்தி வந்தது. அப்போது அதற்கு நல்ல கால் இருந்தது.

"அக்கா, உங்க செங்கல் சூளைக்கு என் மரத்தை வெட்டிட்டாங்க. வயித்துல முட்டை. எங்கே போடுவேன்?"

"எங்கிட்ட ஏன்டி கேக்குற? எனக்கே உக்கார இடமில்ல."

"சாரக் கழி செருகின பொந்தையெல்லாம் அடைக்காம விட்டுடேன்."

சாரத்தைப் பிரிக்கும்போது, கழியை உருவி, அது செருகியிருந்த பொந்தைச் செங்கல் துண்டும் சுண்ணாம்பும் வைத்து அடைத்துக்கொண்டே இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் அப்புறம் எட்டாது. மறுநாள் அந்த வேலை அவளுடையது.

"நல்லா கேட்ட போ! மேஸ்திரி தோலை உரிச்சிடுவாரு. அதுவுமில்லாம, இந்தக் காலை வச்சிக்கிட்டு நாளைக்கு ஏறவா போறேன்?"

குருவி அவள் முழங்காலைப் பார்த்தது. "என் கால் தெம்பை எடுத்துக்க. எனக்கு றெக்கை போதும்."

வேண்டாம் என்றிருக்கலாம். அலுத்த உடம்பு நியாயம் பார்க்குமா? "சரி, குடு" என்றாள்.

மறுநாள் அவள் ஏறிய வேகத்தைப் பார்த்து மேஸ்திரியே வாயைப் பிளந்தார். குருவியோ கால் சூம்பி, நகத்தால் செங்கலைக் கவ்வித் தொங்கியது.

"அடைச்சியா மதலம்மா?"

"அடைச்சாச்சுங்க மேஸ்திரி!"

அடுக்கடுக்காகச் சாரம் இறங்கியது. கழிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் துரை வந்து அண்ணாந்து பார்த்தார். "என்ன மேஸ்திரி, இத்தனை பொந்து?"

மேஸ்திரி மேலே பார்த்தார், மதலம்மாளைப் பார்த்தார்.

"சுவரு மூச்சு விட வேணாமா துரை?" என்றார் மேஸ்திரி. துரை எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார்.

"தப்பிச்ச போ" என்று மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். "காலும் சரியாயிடுச்சு. இனி உனக்கு இரட்டைச் சுமை வைக்கலாம். நாளைக்கு அடுத்த ஊர்க் கோயிலுக்குக் கல் ஏத்தணும், விடியறதுக்குள்ள வந்துடு."

பொழுது சாய்ந்திருந்தது. மேலே பொந்துக்குள் குருவி ஒடுங்கித் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மதலம்மாளுக்கு அழுகை வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு உலை வைக்க நடந்தாள்.

அதிலிருந்துதான் உழவாரக் குருவிக்குத் தரையிலும் கிளையிலும் உட்கார வராமல் போனது. பகலெல்லாம் பறந்தாலும், இருட்டினால் பழைய செங்கல் கோயிலின் பொந்தில் ஒட்டிக்கொண்டு தூங்கிவிடும். கல் சுமக்கிற பெண்களுக்குத்தான், இருட்டினாலும் கால் ஓய்வதில்லை.