கோழி லாரியை ஓரங்கட்டியது யார்?

நாமக்கல் பக்கம் லாரிக்காரர்களைக் கூட்டி வைத்து ஒரு அமைச்சர் முழங்கினார். "புதுச் சட்டம் வரப்போகுது! நெடுஞ்சாலை ஓரமா லாரி நின்னா லைசென்ஸ் ரத்து. தூக்கம், பஞ்சர்னு எந்தச் சாக்கும் செல்லாது!" ஏசி காரில் குறட்டை விட்டுக்கொண்டே வந்த மனுஷன் பேசுகிற பேச்சு இது!

கறிக்கோழி லாரி ஓட்டும் செங்கோடன் எழுந்தார். "நல்ல சட்டமுங்க. கூட ஒண்ணு சேர்த்துக்குங்க. ஓடற லாரியை ஓரங்கட்ட வைக்கறவனுக்கும் தண்டனை வேணுமுங்க."

அமைச்சருக்கு ஒரே குஷி. "எவனா இருந்தாலும் ஜெயில்ல போடுவேன்!" மேடையே கைதட்டியது.

"அப்ப இன்னைக்கே போடுங்க. எங்க வண்டி ஓடுனாத்தான் கோழிக்குக் காத்து. நின்னா வெந்து செத்துரும். காலையில பைபாஸ்ல, கெஞ்சக் கெஞ்ச, ரெண்டு மணி நேரம் வெயில்ல நிறுத்திப்போட்டாங்க. லோடு பூரா செத்துப்போச்சுங்க."

"எவன்யா நிறுத்தினது?" அமைச்சர் சீறினார்.

மேடையோரம் நின்ற இன்ஸ்பெக்டர் நெளிந்தார். "ஐயா... உங்க கார் போறதுக்காகத்தான்..."

இப்போது கைதட்ட ஒருத்தரும் இல்லை.

செங்கோடன் மட்டும் உட்காரவில்லை. "ஜெயிலுக்குப் போறப்பவும் எங்களை ஓரங்கட்டிட்டுத்தான் போவீங்களா?"