வீரணன் பல்லும் முப்பதாயிரமும்

"வண்டியைக் கிளப்பாதே! ஒரு பல்லு போனா எவ்வளவு குறையும்னு முதல்ல சொல்லு!"

கத்தியது நடு அண்ணன் சின்னாண்டி. மொபெட்டில் உட்கார்ந்திருந்தது பெரியண்ணன் ஒச்சப்பன். வண்டிக்குப் பின்னால் கட்டிய நூலின் மறுமுனை தம்பி வீரணனின் முன்பல்லில் இருந்தது.

விஷயம் இதுதான். வீரணனுக்கு முன்பல் நாலும் தூக்கல். "பல்லை நேராக்கிட்டு வா, கட்டிக்கிறேன்" என்று அவன் ஆசைப்பட்ட ராக்கு சொல்லிவிட்டாள். பல் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று விசாரித்தார்கள். கம்பி போட முப்பதாயிரமாம். மூன்று பேரும் அப்படியே திரும்பி வந்துவிட்டார்கள். தவணை உண்டா என்று கேட்கக்கூட எவனுக்கும் தோன்றவில்லை.

"பல்லு நிறைய இருக்கறதாலதான் இவ்வளவு கேட்கிறாங்க. கொஞ்சம் குறைச்சிட்டுப் போவோம்" என்றான் ஒச்சப்பன்.

"எல்லாத்தையும் எடுத்துட்டா?"

"அப்போ காசே வேண்டாம்."

"அப்போ அவங்க எதை நேராக்குவாங்க?"

ரொம்ப நேரம் யோசித்தார்கள். வீரணன் நூலோடு யோசித்தான்.

நல்லவேளை, வண்டி கிளம்பவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்காகப் பெட்ரோல் போடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

அதற்குள் ராக்கு வந்துவிட்டாள். நூலை அறுத்தெறிந்தாள்.

"அறிவுகெட்ட ஜென்மங்களா! மாசாமாசம் கட்டினா போதும்யா. முதல் மாசத்துக்கு என் சீட்டுப் பணம் இருக்கு. நடங்க!"

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது சின்னாண்டி சுவரில் இருந்த பலகையைப் படித்துத் தொலைத்தான். பல் பார்க்க முந்நூறு ரூபாய்.

"அண்ணே, பார்க்கறதுக்கே முந்நூறாம்! நாம கம்பி போடத்தானே வந்தோம்?"

"அப்போ பார்க்க விடாதே. டேய் தம்பி, வாயை மூடு."

மூடினான். மூடியும் முன்பல் நாலும் வெளியே தெரிந்தது. சின்னாண்டி துண்டைப் போட்டு மறைத்தான்.

டாக்டரம்மா விளக்கைப் போட்டார். "வாயைத் திறங்க."

"அதெல்லாம் வேண்டாங்கம்மா" என்றான் ஒச்சப்பன். "பார்க்காமலே மாட்டி விடுங்க. கோணலா இருந்தா நாங்க வீட்ல போய் நிமித்திக்கறோம்."

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். ராக்கு துண்டைப் பிடுங்கி வீசினாள்.

"கடைசியாக் கேட்கிறேன். என்னைக் கட்டிக்கிறியா இல்லையா? வாயைத் திறந்து சொல்லுய்யா!"

வீரணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் முந்நூறு ரூபாய் ஆச்சே.

திறக்கவில்லை.