திறக்காத முகவரி

"மேடம், கண் வங்கி சர்வர் நம்ம கோரிக்கையை மறுபடியும் திருப்பி அனுப்பிடுச்சு. இது எட்டாவது தடவை" என்றார் அருமைநாயகம்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கண் மருத்துவமனையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது கணினிப் பிரிவில் சீடர். குரு ஜீனத்துக்கு இருபத்தெட்டு.

"என்ன சொல்லித் திருப்புது?"

"'பெயர்'னா என்னன்னு தெரியலையாம். பெயர் தெரியாதாம்! இதெல்லாம் ஒரு சர்வர்."

நான்கு மணிக்குள் கோரிக்கை ஏற்கப்படாவிட்டால், தானமாக வந்திருக்கும் கருவிழி, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். மூன்றாம் வார்டில் தையல்காரி ரோஸ்லின் ஆபரேஷனுக்காகக் காலையிலிருந்து பட்டினி கிடந்தாள்.

மணி மூன்றரை.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க சார். நான் பார்த்துக்கிறேன்."

"இது போகாம எனக்குச் சோறு இறங்காது."

படிக்க வந்த நாளிலிருந்தே ஆள் இப்படித்தான், உடும்புப் பிடி. ஜீனத் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோரிக்கையின் தலையில் ஒரு வலை முகவரி இருந்தது. கீழே வரும் பெயர், வயது எல்லாம் யார் வகுத்த சொற்கள் என்று காட்டும் நேம்ஸ்பேஸ் அது.

"இது கண் வங்கி கொடுத்தது இல்லையே?"

"அவங்க கொடுத்ததை பிரவுசர்ல போட்டுப் பார்த்தேன் மேடம். திறக்கவே இல்லை. அங்க ஒண்ணுமே கிடையாது. அதான் எடுத்துட்டு, திறக்கிற முகவரியா ஒண்ணு போட்டுட்டேன்."

பெருமையாக வேறு சொன்னார்.

ஜீனத்துக்குச் சிரிப்பு வந்தது. ரோஸ்லினை நினைத்ததும் போய்விட்டது. அவர் சட்டையில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"தே. அருமைநாயகம். 'தே' யாரு சார்?"

"எங்கப்பா. தேவசகாயம்."

"இப்ப போனா பார்க்கலாமா?"

"அவர் தவறிப் பதினாறு வருஷம் ஆச்சே."

"அப்ப அதை எடுத்துட்டு, உயிரோட இருக்கிற யார் எழுத்தையாவது போட்டுக்குங்க."

அருமைநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மகள் வயதுப் பெண், என்ன பேச்சு பேசுகிறாள்!

"அதெப்படி மேடம்? அப்புறம் நான் யார் மகன்னு..."

பேச்சு பாதியில் நின்றது.

திரையின் பக்கம் திரும்பினார். ஒன்றுமே இல்லாத அந்தப் பழைய முகவரியை ஒவ்வோர் எழுத்தாகத் திரும்ப அடித்தார். இந்தத் தடவை திறந்து பார்க்கவில்லை.

அனுப்பினார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பதில் வந்தது. வார்டுக்கு போன் போட்டார்.

"சிஸ்டர், ரோஸ்லினைத் தயார் பண்ணுங்க."