சுவிட்ச் காட்டிய ஆள்

ராஜபாளையத்துப் பக்கம் ஒரு நூல் மில். ஆயுத பூஜைக்காக மில் முழுக்கத் துடைத்த மறுநாள் காலையில் ஒரு கம்ப்யூட்டரிலும் நெட் வரவில்லை. எடை போட முடியாமல் பஞ்சு லாரிகள் வாசலிலேயே நின்றன. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் செண்பகவல்லியை மேனேஜர் சுந்தரவதனம் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"துடைக்கிறேன்னு எதையோ கெடுத்து வச்சிருக்கே. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு. நீ இல்லேன்னா, செஞ்சது யாருன்னு காட்டு. இல்ல, நாளைக்கு வேலைக்கு வராத."

மில்லின் நெட் வயரெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை அவள் திறந்தாள். விளக்கெல்லாம் வெறி பிடித்த மாதிரி மின்னின. ஏதோ ஓர் அறையில் யாரோ ஒரு நெட் வயரின் இரண்டு முனையையும் ஒரே பெட்டியில் சொருகியிருக்கிறார்கள், அனுப்பினதே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்று தெரிந்துவிட்டது. அப்படிச் சுற்றி வரும் வழியைச் சுவிட்சே அடைத்துவிட ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டாள். லாரிகள் நகர்ந்தன.

மேனேஜர் விடவில்லை. "செஞ்சவன் பேரச் சொல்லு!"

"நான் சொன்னா நம்பமாட்டீங்க சார். வயரத் தப்பா சொருகின ரூமுக்கு மட்டும் சுவிட்ச் நெட்ட நிறுத்திருச்சு. எல்லாரும் அவங்கவங்க கம்ப்யூட்டரைப் பாக்கட்டும்."

டைம் ஆபீசில் நெட் வந்தது. ஸ்டோரில் வந்தது. கேட்டிலும் வந்தது. மேனேஜர் தம் அறைக்குள் போனார்.

"ஏம்மா, எனக்கு மட்டும் வரலியே!"

போய்க் குனிந்து பார்த்தாள். மேசைக்கடியில் ஒரு சின்ன நெட் பெட்டி. பூஜை நேரத்தில் வயர் தொங்கினால் அசிங்கம் என்று, அதிலிருந்து வந்த ஒரு வயரின் சும்மா கிடந்த முனையையும் அவரே அதிலேயே சொருகியிருந்தார்.

"பேர நான் சொல்லணுமா சார்?"

"வேண்டாம்மா. நீ போய் வேலையப் பாரு."